அரைத்த மண்ணுக்கு அடையாளம் இல்லை

வேலை முடிந்து வந்ததும் நான் முன்கதவைத் தொடுவதில்லை. காரை நிறுத்திவிட்டுப் பின்சந்து வழியாகச் சுற்றிப் போய், சமையலறைக்குப் பின்னால் உள்ள குளியலறையில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, துணியை மாற்றிக்கொண்டு, அதற்குப் பிறகுதான் கூடத்துக்கு வருவேன். அதுவரை என் மகள் என் குரலைக் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் அழுவாள். அதனால் இருமல் வந்தால்கூட அடக்கிக்கொள்வேன்.

எங்கள் தாமான் குடியிருப்பில் இது ஒரு பேச்சாகிவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் பின்சந்தில் துணி உலர்த்திக்கொண்டே கேட்டார்: "என்ன லா தங்கச்சி, தெனம் சாவு வீட்டுக்கா போயிட்டு வர்ற? உங்க குடும்பத்துல இன்னும் யாருதான் மிச்சம்?"

நான் சிரித்துவிட்டுப் போய்விட்டேன். சாவு வீட்டுத் தீட்டு என்றால் ஒருமுறை முழுகினால் போய்விடும். நான் கழுவிக்கொண்டிருந்தது போனதா இல்லையா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

நான் வேலை செய்வது வெள்ளைக் களிமண்ணைப் பொடியாக்கி விற்கும் ஒரு சிறிய தொழிற்சாலையில். கூலாய்க்கு வெளியே, செம்பனைத் தோட்டங்களுக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவில் இருக்கிறது. அங்கே ஆய்வுக்கூடத்தில் நான் வேதியியலாளர். அந்த மண்ணுக்குக் கயோலின் என்று பெயர். அலுமினியமும் சிலிக்கனும் சேர்ந்த கனிமம். உள்ளே தகடு தகடாக, அப்பளக் கட்டுபோல ஒழுங்காக அடுக்கியிருக்கும். அந்த அடுக்கு குலையாதவரை அது சாதுவான மண். அமிலத்தில் போட்டாலும் சும்மா கிடக்கும். சூளையில் சுட்டால் அடுக்கு குலைந்து, மற்றப் பொருள்களோடு சேர்ந்து வினைபுரியும் துடிப்பு அதற்கு வந்துவிடும். சிமெண்டில் கலப்பவர்களுக்கு அந்தத் துடிப்புதான் வேண்டும். சுடாமல் வெறுமனே அரைத்தே அதைக் கொண்டுவர முடியுமா என்று பார்ப்பதுதான் எனக்குக் கொடுத்த வேலை.

கனமான மூடியுள்ள ஒரு ஜாடியில் மண்ணைப் போட்டு, அதோடு கெட்டியான வெள்ளைக் குண்டுகளையும் போட்டு, இயந்திரத்தில் பூட்டிச் சுழலவிடுவோம். குண்டுகள் ஒன்றோடொன்று மோதும் இடத்தில் மண் அகப்பட்டு நசுங்கும். சூடேறினால் சோதனை கெட்டுவிடும் என்பதால் நடுநடுவே நிறுத்தி ஆறவிட வேண்டும். அரைக்க அரைக்கப் பொடி நுணுக்கமாகிக்கொண்டே போகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ஒரு கட்டத்துக்கு மேல் துகள்கள் ஒன்றை ஒன்று பற்றிக்கொண்டு உருண்டை கட்டுகின்றன. ஜாடியின் சுவரில் அப்பிக்கொள்கின்றன. தொட்டால் பழைய மண்ணைவிடக் கொரகொரவென்று இருக்கும். உள்ளேயோ எல்லாம் மாறிப்போயிருக்கும். தகடுகளுக்குள் கட்டுண்டிருந்த நீர் கழன்று வெளியே சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். முன்பு எதற்கும் அசையாத அமிலத்தில் இப்போது அலுமினியம் கரைந்து இறங்கும்.

இதைப் பார்க்க ஒரு வழி எக்ஸ்ரே. ஒழுங்காக அடுக்கிய கனிமத்தின்மேல் கதிரை விட்டால், அதன் அடுக்குக்கே உரிய கோணங்களில் கதிர் பளிச்சென்று திரும்பி வரும். திரையில் ஊசி ஊசியாகக் கோடுகள் எழும். எந்தக் கோணத்தில் ஊசி எழுகிறது என்று பார்த்தே இது இன்ன கனிமம் என்று சொல்லிவிடலாம். கயோலினை அரைத்தால் முதலில் ஊசிகள் குட்டையாகும். பிறகு அகலமாகும். நீண்ட நேரம் அரைத்த மண்ணில் ஊசியே இருக்காது. போர்வைக்குள் யாரோ படுத்திருப்பதுபோல ஒரு மேடு மட்டும் தெரியும். மண் எங்கும் போகவில்லை, அங்கேயேதான் இருக்கிறது. இன்னார் என்று சொல்லும் அடையாளம்தான் போய்விட்டது.

இந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. பிள்ளைப்பேறு விடுப்பு முடிந்து திரும்பிப் போன முதல் நாள், ஜாடியைத் திறந்தபோது எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. வீட்டில் பிள்ளை பால்புட்டியை வேண்டாமென்று தள்ளிக்கொண்டிருப்பாள் என்று தெரிந்தும் வந்தது. ஒரு தாய்க்கு அந்த நேரத்தில் அப்படி வரலாமா என்று இப்போதும் யோசிக்கிறேன்.

என் மகளைப் பார்த்துக்கொண்டது என் கணவரின் அக்கா. நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். பண்டார் தெங்காராவில் வளர்ந்தவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செனாய் பக்கம் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் லைன் லீடராக இருந்தார். நான் மறுபடி வேலைக்குப் போக வேண்டும் என்பதற்காகவே அதை விட்டுவிட்டு எங்களோடு வந்து தங்கினார். என் கணவர் சிங்கப்பூரில் வேலை செய்கிறார். விடியுமுன் எல்லைப் பாலத்தைத் தாண்டிவிட வேண்டும், இருட்டிய பிறகுதான் வருவார். ஆகவே பகல் முழுக்க வீட்டில் அண்ணியும் பிள்ளையும்தான். எனக்குத் தயக்கமாக இருந்தபோது அண்ணி சொன்னார்: "லைன்ல அத்தன பொண்ணுங்கள மேய்ச்சவ நான். இந்த ஒண்ண மேய்க்க மாட்டேனா?"

நன்றாகவே மேய்த்தார். பிள்ளை கொழுகொழுவென்று ஆனாள். பல் முளைக்கும் சமயத்தில்தான் அந்தச் சத்தம் வந்தது. மூச்சு விடும்போது, மூடிய ஜன்னலின் இடுக்கில் காற்று நுழைவதுபோல ஒரு மெல்லிய விசில். சளி என்று நினைத்தோம். போனது, மறுபடி வந்தது.

ஜாடியின் சுவரில் அப்பிய பொடியைச் சுரண்டும்போது எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒரு வெண்புகை எழும்பும். முகமூடி அணிவேன், தலைக்கு வலை போடுவேன். ஆனாலும் மாலையில் கார்க் கண்ணாடியில் பார்த்தால் காதோரத்து மயிரில் லேசாக வெளுத்திருக்கும். அந்தத் தலையோடு வந்து பிள்ளையை வாரி எடுத்து, கழுத்தில் அவள் முகத்தைப் புதைத்துக்கொண்டு இத்தனை நாளும் பால் கொடுத்திருக்கிறேன். அமிலத்தில் கரையத் தயாராக, எதோடும் ஒட்டத் தயாராக நானே பாடுபட்டுத் தயாரித்த பொடி அது. பிள்ளையின் நெஞ்சுக்குள் அது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. தெரியாததால் எல்லாவற்றையும் கற்பனை செய்தேன். அன்றுதான் பின்வாசல் குளியல் தொடங்கியது. தொழிற்சாலையில் குளிக்க வசதியில்லை, கைகழுவும் தொட்டி மட்டும்தான்.

அண்ணிக்கு நான் காரணம் சொன்னேன். பொடி என்றதும் புரிந்துகொண்டார். ஆனால் ஈரத்தலை அவருக்குப் பொறுக்கவில்லை. பால் கொடுக்கிறவள் சாயங்காலம் தலைக்கு ஊற்றினால் பிள்ளைக்குத்தான் சளி பிடிக்கும் என்பது அவர் கேட்டு வளர்ந்தது. நான் கேட்டு வளர்ந்ததும் அதுதான். நான் வேதியியல் படித்தவள், அப்படியெல்லாம் இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒருவேளை இருந்துவிட்டால் என்று பயந்து பேசாமல் இருந்தேன்.

ஆகவே நான் குளித்து வருவதற்குள் அண்ணி தூபக்காலைத் தயாராக வைத்திருப்பார். கொட்டாங்குச்சித் துண்டுகளை அடுப்பில் காட்டிக் கனலாக்கி, மேலே சாம்பிராணியைத் தூவி, என்னைக் கூடத்தில் நாற்காலியில் உட்கார வைத்து, பின்னால் நின்று முடியை விரித்து விரித்துப் புகை காட்டுவார். மழை வந்தால் ஜன்னலையும் சாத்திவிடுவார், எனக்குக் குளிர்ந்துவிடுமாம். பிள்ளை காலையிலிருந்து காத்திருந்தவள், என் மடியில் ஏறிப் பால் குடிக்கத் தொடங்கிவிடுவாள். அந்த நேரம் எனக்கு எவ்வளவு இதமாக இருந்தது என்று சொன்னால் யாருக்கும் புரியாது. நாள் முழுவதும் என்னை நானே திட்டிக்கொண்டிருந்த பிறகு, யாரோ ஒருவர் என் தலையைத் தொட்டு, முடியைக் கோதி, ஒன்றும் கேட்காமல் நிற்கிறார்.

விசில் கூடியது. கிளினிக்குக்குக் கொண்டுபோனோம். மலாய் டாக்டர், பொறுமையான மனிதர். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, வீட்டில் யாராவது சிகரெட் பிடிக்கிறார்களா, ஏதாவது எரிக்கிறீர்களா என்று விசாரித்தார். இல்லை என்றேன். எரிப்பது என்றதும் எனக்கு நினைவு வந்தது குப்பையும், காய்ந்த செம்பனை மட்டையும், புகைமூட்டக் காலத்து வானமும்தான். அண்ணியும் பக்கத்தில்தான் இருந்தார். "சிகரெட்டா? அந்தப் பயலுக்கு அந்த வாசனையே ஆகாது டாக்டர்" என்று தம்பிக்காகப் பேசினார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. சாம்பிராணி போடுவதை எரிப்பது என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை.

நானாகவே டாக்டரிடம் என் பொடியைப் பற்றிச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, கைக்குழந்தைகளுக்குச் சளியோடு இப்படி இரைப்பு வருவது சாதாரணம்தான், ஆனாலும் தூசியைத் தவிர்ப்பது நல்லது என்றார். அந்த ‘ஆனாலும்’ போதும் எனக்கு.

அடுத்து நான் செய்ததை என் கணவரிடம்கூட முதலில் சொல்லவில்லை. வீட்டுத் தூசியைச் சேகரித்தேன். தொட்டில் கம்பியில், காற்றாடி இறக்கையில், என் தலையணை ஓரத்தில் மென்மையான தூரிகையால் தட்டி எடுத்துச் சிறு புட்டியில் போட்டு, எங்கள் மாதிரிகளைச் சோதிக்கும் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப்போனேன். அங்கே எக்ஸ்ரே கருவியைப் பார்த்துக்கொள்ளும் மலாய்ப் பெண் எனக்குத் தோழி மாதிரி. அவளுக்கும் பிள்ளைகள் உண்டு. விஷயத்தைச் சொன்னதும் வாங்கி வைத்துக்கொண்டாள்.

திரையில் ஊசிகள் எழுந்தன. சாலை மணலின் குவார்ட்ஸ் இருந்தது. பிள்ளைக்குப் போடும் பவுடரின் மாக்கல் இருந்தது. நெற்றியில் இடும் திருநீற்றிலிருந்தோ சுவர்ச் சுண்ணாம்பிலிருந்தோ வந்த கால்சியம் இருந்தது. கயோலினின் ஊசி எழ வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

அவள் என் தோளைத் தட்டி, "அலமாக், நீ வீணாகப் பயந்தாய். உன் மண் இங்கே இல்லை" என்று மலாயில் சொன்னாள்.

நான் ஊசிகளைப் பார்க்கவில்லை. அவற்றின் அடியில், தாழ்வாக, அகலமாக ஒரு மேடு இருந்தது. நான் நீண்ட நேரம் அரைத்த மண் இருந்தால் அங்கேதான் இருக்கும், அப்படித்தான் தெரியும். கண்ணாடித் துணுக்கு இருந்தாலும் அங்கே ஒரு மேடு எழும். புகைக்கரி, பஞ்சு, தோல் செதில் எல்லாம்கூட அந்தப் பக்கம்தான் மங்கலாகக் காட்டும். எது என்று பிரித்துச் சொல்ல இந்தக் கருவியால் முடியாது. நான் அரைத்ததே, இந்தக் கருவிக்கு அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காகத்தானே. ஊசி தெரியும் வரை நான் திருப்தியடையாமல் இன்னும், இன்னும் என்று சுழலவிட்டிருக்கிறேன். இப்போது என்னைக் குற்றமற்றவள் என்று சொல்ல என்னிடம் ஒரு சாட்சியும் மிஞ்சவில்லை.

மறுநாளே என் பிரிவுத் தலைவரிடம் போய், கொஞ்ச காலம் அரைக்கும் வேலை வேண்டாம், கணக்கு வேலையைப் பார்க்கிறேன் என்று கேட்டுக்கொண்டேன். சீனர், அவருக்கும் பேரப்பிள்ளை உண்டு. சரி, வாரக் கடைசியோடு மாறிக்கொள் என்றார்.

அந்த வாரமே பிள்ளைக்கு மறுபடி மூச்சு முட்டிக்கொண்டது. கிளினிக்கில் மருந்தை ஆவியாக்கி மூச்சில் இழுக்க வைத்தார்கள். நான் அவளை மடியில் வைத்து முகமூடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நர்ஸ் தமிழ்ப் பெண். குழாயைச் சரிசெய்யக் குனிந்தவள் நிமிர்ந்து சிரித்தாள்.

"உங்க தல என்னா வாசமா இருக்கு அக்கா. சாம்பிராணியா? எங்க வீட்டுலலாம் இப்ப யாரு போடுறா."

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். பிள்ளையின் மூக்குக்கும் என் முடிக்கும் நடுவில் ஒரு சாண் தூரம்கூட இல்லை. மாலை மாலை மூடிய கூடம், புகை, என் மடியில் பால் குடிக்கும் பிள்ளை. டாக்டரின் கேள்விக்கு இப்போதுதான் எனக்குப் பதில் தெரிந்தது. அதோடு இன்னொன்றும் தெரிந்தது. நான் பயந்து தலைக்கு ஊற்றத் தொடங்கியிராவிட்டால் அந்தப் புகையே வந்திருக்காது. பொடியிலிருந்து அவளைக் காப்பாற்றுகிறேன் என்று நான் கிளம்பிய வழியில்தான் அது வீட்டுக்குள் வந்தது.

அண்ணி வெளியே மருந்து வாங்க வரிசையில் நின்றிருந்தார். கையில் பிள்ளையின் செருப்பு. நடக்கத் தெரியாத பிள்ளைக்கு அவரே ஆசையாக வாங்கியது. அவரிடம் எப்படிச் சொல்வது என்று காரில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். கடைசியில் கோழைத்தனமாக ஒரு வழி கண்டுபிடித்தேன். எனக்கு இனிப் பொடி வேலை இல்லை, ஆகவே தினம் தலைக்கு ஊற்ற வேண்டாம், புகையும் வேண்டாம் என்றேன். அண்ணி சந்தோஷப்பட்டார். "அப்பாடா, என் கொட்டாங்குச்சி மிச்சம்" என்றார்.

பிள்ளைக்கு விசில் குறைந்தது. சில வாரங்களில் இல்லாமலே போய்விட்டது. அண்ணி எல்லாரிடமும் சொன்னார், நான் பொடி வேலையை விட்டதால்தான் பிள்ளை தேறினாள் என்று. நான் மறுக்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் ஒரே சமயத்தில் இரண்டை மாற்றினால் எதனால் என்ன ஆனது என்று தெரியாது என்பது முதல் பாடம். பொடி, புகை, இரண்டையும் நான் ஒன்றாக நிறுத்தியிருந்தேன். பல் முளைத்து முடிந்ததும்கூடக் காரணமாக இருக்கலாம்.

பிறகு பிரிவுத் தலைவர் கூப்பிட்டார். அரைத்த மாதிரிகளின் வரிசை பாதியில் நிற்கிறது, காத்திருந்த பொடி காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக் கெட்டுக்கொண்டிருக்கிறது, பிள்ளைக்குச் சுகமானால் வர முடியுமா என்று கேட்டார். முடியாது என்று சொல்லியிருக்கலாம். அவர் வற்புறுத்தவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்தது என்னவென்றால், இப்போது ஒன்றை மட்டும் திரும்பச் சேர்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்பது. என் பிள்ளையின் மூச்சை வைத்து ஒரு சோதனை. ஆனாலும் போனேன். வேலைக்காகப் போகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அன்று மாலை பின்வாசல் வழியாக வந்து தலைக்கு ஊற்றிக்கொண்டு கூடத்துக்குள் நுழைந்தால், நாற்காலி போட்டிருந்தது. அண்ணி தூபக்காலோடு நின்றார். பிள்ளை தவழ்ந்து என் காலைப் பிடித்தாள்.

வேண்டாம் அண்ணி என்றேன். ஈரத்தோடு எப்படிப் பால் கொடுப்பாய் என்று கேட்டார். ஃபேனில் காய்ந்துவிடும் என்றேன். அவர் சாம்பிராணி டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். நான் அந்தக் கையைப் பிடித்துவிட்டேன். நான் பிடித்த விதத்தில் ஏதோ இருந்திருக்க வேண்டும். அண்ணி டப்பாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

"பிள்ளைக்கு முட்டுனது இந்தப் பொகையிலயா?"

"தெரியல அண்ணி. என் பொடியாவும் இருக்கலாம். நெசமாவே தெரியல."

கனல் படபடவென்று வெடித்தது. தொழிற்சாலையில் எந்த இடத்தில் பழுது என்று கண்டுபிடித்தே பழகியவர் அவர்.

"தெரியலன்னா ரெண்டையும்ல நிறுத்தி வச்சிருக்கணும்," என்றார். "நீ ஒன்னோடத மட்டும் திருப்பி ஆரம்பிச்சிட்ட. அப்ப ஒனக்குத் தெரிஞ்சிருக்கு."

சத்தம் போட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் தூபக்காலைப் பின்பக்கம் எடுத்துப்போய், கனலின்மேல் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து ஃபேனை வேகமாக வைத்தார். "உக்காரு, காயட்டும். அது வரைக்கும் பிள்ள என்கிட்ட இருக்கட்டும்" என்று அவளைத் தூக்கிக்கொண்டு முன்வாசலுக்குப் போய்விட்டார்.

அந்த வாரம் முழுவதும் நான் வேலைக்குப் போய் மண்ணை அரைத்தேன். வீட்டுக்கு வந்ததும் பிள்ளையின் முதுகில் காதை வைத்துக் கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை. சந்தோஷப்பட வேண்டிய தாய் நான். சந்தோஷப்பட்டேன். ஆனால் அந்த அமைதி ஒவ்வொரு நாளும் அண்ணியின்மேல்தான் போய் விழுந்தது. ஒருநாள், ஒரு சின்ன விசில் கேட்டால்கூடப் பரவாயில்லை, பழியில் பாதியாவது எனக்கு வந்துவிடும் என்று மனம் நினைத்தது. நினைத்தது நான்தான். உடனே பிள்ளையை இறுக்கிக்கொண்டேன், அவள் எரிச்சலில் என் மூக்கைப் பிறாண்டினாள்.

அண்ணி அதையெல்லாம் கதவருகில் நின்று பார்த்திருக்கிறார். சனிக்கிழமை காலை, பிள்ளை பாயில் குப்புறக் கிடந்து விளையாடும்போது, அவரே வந்து மண்டியிட்டு, குனிந்து அவள் முதுகில் காதை வைத்தார். ரொம்ப நேரம் கேட்டார். பிள்ளை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்து, அண்ணியின் முடியைப் பிடித்து இழுத்தாள். அவர் விடுவித்துக்கொள்ளவில்லை.

"ஒண்ணும் இல்லல்ல?" என்று நிமிராமலே என்னைக் கேட்டார்.

"இல்ல அண்ணி."

"சரி," என்றார். அப்படியே, பிள்ளையின் பிடியில் தலையைக் கொடுத்தபடி, இன்னும் கொஞ்சம் கேட்டுக்கொண்டிருந்தார்.